ஏழாவது முறை கேட்டபோது

நடுவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

“ஹானா.”

பேச்சி ஒரு கையை விரிப்பில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். எதிராளியின் குதிகால் அவள் இடது காதுக்கு மேலே பட்ட சத்தம், தலைக்கவசத்தையும் மீறி, பயிற்சியாளர் நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது. சாக்கில் கட்டிய தேங்காயைத் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி மொத்தையான சத்தம்.

“துல்.”

எழுந்துவிட்டாள். எனக்கு மூச்சு திரும்பியது. டேக்வாண்டோவில் அடிபட்டு விழுந்தால், நடுவர் முன்னால் வந்து விரல்களைக் காட்டிக்கொண்டு கொரிய மொழியில் எட்டு வரை எண்ணுவார். எட்டு முடிவதற்குள் எழுந்து, முஷ்டியை உயர்த்தி, ‘நான் தயார்’ என்று நின்றுவிட்டால் ஆட்டம் தொடரும்.

“ஸெத்.”

பேச்சி வலது காலைத் தூக்கி முன்னால் ஒரு உதை விட்டாள். காற்றில். எதிராளி நாலடி தள்ளித் தன் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“நெத்.” இடது கால்.

“தாஸொத்.” மறுபடி வலது.

அரங்கத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கைதட்டல். எனக்குப் பின்னால் யாரோ “அடிபொளி” என்று மலையாளத்தில் பாராட்டினார்கள். எட்டாவது எண்ணுக்கு அவள் இரண்டு காலையும் சேர்த்து, முஷ்டியை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினாள். நடுவரே லேசாகச் சிரித்துவிட்டார். விழுந்து எழுந்த பெண் இவ்வளவு தெம்பாக இருந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்?

அங்கே இருந்த எல்லோருக்கும் அது திமிர். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்தது.

கரமனையில், மாவு மில்லுக்கு மேல்மாடியில், தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் பயிற்சியாளர் பினு சார் இதே எண்களைத்தான் கத்துவார். எண்ணுக்கு ஒரு உதை. வலது, இடது, வலது, இடது. எட்டாவதில் கத்தல். பத்து வருடமாக அதுதான் எங்கள் சுப்ரபாதம். பேச்சி இறுதிப் போட்டியில் இல்லை. அவள் மாவு மில் மாடியில் இருந்தாள்.

நாற்காலிக்கு நான் வந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில் என் முழங்கால் போன கதையை எழுதியிருந்தேன். பத்தொன்பது வயதில், குதித்து உதைத்து இறங்கிய காலில் உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் திரும்ப, உள்ளே தசைநார் அறுந்தது. அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. படித்தவர்கள் ‘பாவம்’ என்று எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். எனக்கு அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வலியசாலையில் எங்களுக்குச் சொந்த வீடு. அப்பா பென்ஷன்காரர். எனக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு வேலை கிடைத்தது. உதைப்பதை விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதிதான்.

பேச்சியின் கதை வேறு. முழுப்பெயர் பேச்சியம்மாள். அவள் அப்பா சுடலைமுத்து அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. இருவருக்கும் வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், சண்டை போடும்போது இரண்டும். ஒரே நாளில் பினு சாரிடம் சேர்ந்தோம். அவள் உதை ஒவ்வொன்றையும் என் விலா வருடக்கணக்கில் வாங்கியிருக்கிறது.

படிப்பு அவளுக்கு ஏறவில்லை. ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார ஸ்டூல் கிடையாது. காலை ஆறு முதல் எட்டு வரை உதை, ஒன்பதரை முதல் இரவு வரை நிற்பது. கால் வீங்கி, காலையில் போட்ட செருப்பு மாலையில் நுழையாது.

அந்த மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் மாநில அணி. மாநில அணியில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கு அது கிடையாது. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். ஆக, அந்தத் தங்கம் அவளுக்குக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கிற சாமான் இல்லை. உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலை.

இறுதிப் போட்டி நேரத்தில் பினு சாருக்குப் பக்கத்து விரிப்பிலும் இன்னொரு இறுதிப் போட்டி. “மீரே, நீ இரிக்கு” என்று என்னை உட்காரச் சொல்லி, என் கழுத்தில் பயிற்சியாளர் அட்டையை மாட்டிவிட்டு ஓடினார். அப்படித்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் அவள் வியர்வை துடைக்க ஒரு வெள்ளை டவல்.

அந்த டவலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நாற்காலியில் இருப்பவர் அதை விரிப்புக்குள் எறிந்தால், ‘எங்கள் ஆள் விலகுகிறாள்’ என்று அர்த்தம். எறிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்று கிலோ

இந்த ஆட்டம் உடம்பிடம் என்ன கேட்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முதலில் நகத்தைக் கேட்கும். எதிராளியின் முழங்கையில் உதை பட்டால் கால் பெருவிரல் நகம் கறுத்து, ஒரு வாரத்தில் சாக்ஸோடு வந்துவிடும். அப்புறம் புறங்காலைக் கேட்கும். அங்கே எலும்புக்கு மேல் தோல்தான். சதை என்று ஒன்று கிடையாது. போட்டிக்கு மறுநாள் பேச்சி பஸ் படியில் பக்கவாட்டாக, நண்டு மாதிரிதான் ஏறுவாள்.

ஒரு ரவுண்டு இரண்டே நிமிடம்தான். பார்க்கிறவர்களுக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். இரண்டு நிமிடம் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, மற்றக் காலை எதிராளியின் தலை உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தொடை எரியும், வாய் உலரும், அப்புறம் வாந்தி வரும். பொன்முடி வளைவுகளில் பினு சார் எங்களை மேல் நோக்கி ஓடவிட்டார் ஒருமுறை. நான் பாதியில் தேயிலைச் செடி ஓரம் படுத்துவிட்டேன். பேச்சி உச்சி வரை ஓடிவிட்டு, என்னைத் தேடி இறங்கிவந்து, “ஏட்டி, அடுத்த பஸ்ஸு மூணு மணிக்காம், எந்திச்சு நட” என்றாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை எடை. அவள் ஆடியது ஐம்பத்து மூன்று கிலோவுக்குக் கீழ் உள்ள பிரிவில். சாதாரணமாக அவள் ஐம்பத்தாறு. போட்டிக்கு முந்தின மாலை தராசில் ஏறவேண்டும். கூடுதலாக இருக்கும் அந்த மூன்று கிலோவை எங்கே கொண்டு போடுவது? முதலில் சோற்றை நிறுத்துவது. அப்புறம் உப்பை. கடைசி இரண்டு நாள் தண்ணீரை. மழைக்கோட்டை உள்ளே போட்டு, மேலே சட்டை போட்டு, வெயிலில் ஓடுவது. அதுவும் போதவில்லை என்றால் வாயில் புளியைப் போட்டு, ஊறும் எச்சிலை பாட்டிலில் துப்பிக்கொண்டே இருப்பது.

அந்தக் கடைசி நாள் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் துப்ப, நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, இப்படிப் பட்டினி கிடந்து யாரை உதைக்கப் போறேள்?” என்றாள். நான் சுள்ளென்று விழுந்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல். “தெரியாத விஷயத்துல பேசாதேம்மா” என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

தராசில் ஐம்பத்திரண்டு தொள்ளாயிரம். பேச்சி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கை காய்ந்த விறகு போல இருந்தது. அன்று இரவு இளநீரும் கஞ்சியும் குடித்தாள். ஆனால் இரண்டு நாள் வறண்ட உடம்பு ஓர் இரவில் நனைந்துவிடுமா? மூளையும் அந்த உடம்பில்தானே இருக்கிறது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இருபத்திரண்டு வினாடி

மறுபடி விரிப்புக்கு வருகிறேன்.

மூன்றில் முதல் ரவுண்டு பேச்சிக்கு. இரண்டாவதை எடுத்தால் தங்கம். தலையில் வாங்கிய உதைக்கு மூன்று புள்ளி கொடுத்த பிறகும் அவள்தான் இரண்டு புள்ளி முன்னால். பலகையில் மிச்சம் இருபத்திரண்டு வினாடி என்று காட்டியது.

பினு சாரைத் தேடினேன். பக்கத்து விரிப்பில் அவர் முதுகுதான் தெரிந்தது. கத்தினேன், அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வினாடி அவள் ஓடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் எதிரில் நின்ற கோழிக்கோட்டுப் பெண் முட்டாள் இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிறாள். தலையில் இன்னொன்று விழுந்தால் இந்த ரவுண்டை ஜெயிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். பேச்சியோ கையைத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். பயிற்சியில் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் நிற்போம். எதிராளி முன்னால் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

நடுவர் கையை உயர்த்தினார். அந்தக் கை இறங்கினால் ஆட்டம் தொடரும்.

நான் எறிந்துவிட்டேன்.

டவல் ஈரமாக இருந்ததால் விரியவில்லை. சுருண்டு போய் பேச்சியின் கால்மாட்டில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து, நேர்த்தியாக மடித்து, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“சார் இன்னிக்கு லேட்டாட்டி?” என்றாள்.

அது என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. கோழிக்கோட்டுப் பெண்ணின் ஆட்கள் விரிப்புக்குள் ஓடிவந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். பினு சார் வந்தபோது முகம் சிவந்திருந்தது. இருபது வினாடி ஓடினால் போதுமாயிருந்ததே என்று மலையாளத்தில் மூன்று தடவை சொன்னார். “நீ ஆரா தீருமானிக்கான்?” என்று கேட்டார். முடிவெடுக்க நீ யார் என்று. அவரே மாட்டிவிட்ட அட்டை என் கழுத்தில்தான் தொங்கியது.

ஒரே கேள்வி

மருத்துவமனை அவசரப் பிரிவில் அவளைப் படுக்கவைத்து, தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்றார் இளம் டாக்டர். மூளைக்கு அதிர்ச்சிதான். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, இந்த நிலையில் தலையில் அடி வாங்கக் கூடாது என்றார். ஒரு ராத்திரி இங்கே இருக்கட்டும் என்றார். சுடலைமுத்துவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் அடுப்பை விட்டு வரமுடியவில்லை. கல்லாவில் இருந்தவரிடம், பயப்பட ஒன்றுமில்லை, லேசான அடி, ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், காலையில் வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னேன்.

மாலை நாலு மணி இருக்கும். பேச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, ஜெயிச்சிட்டேனா?”

நான் சொன்னேன். “இல்லடீ. அடி பட்டுது. நான் டவல் எறிஞ்சுட்டேன்.”

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. “என்னத்துக்குட்டி எறிஞ்ச?” என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் சொன்னாள்: “ஒனக்கென்ன, வலியசாலைல வீடு இருக்கு, கழக்கூட்டத்துல ஜோலி இருக்கு. எனக்கு இது மட்டும்தானே உள்ளது.”

அது உண்மை. துணிக்கடையில் நிற்கிறவளாக நான் இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாக எறிந்திருப்பேனா? தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

“ஏட்டி, ஜெயிச்சிட்டேனா?”

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. புதிதாகக் கேட்கிற ஆவல்தான் இருந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி முகம் சுருங்கியது. “என்னத்துக்குட்டி எறிஞ்ச?” அழுகை. வலியசாலை. கழக்கூட்டம். ஒரு சொல் மாறவில்லை. மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். “பேடிக்கேண்டா” என்றார், பயப்பட வேண்டாம் என்று. அடி பட்டவர்களுக்கு இது வழக்கம், புதிய நினைவு எதுவும் இப்போது தங்காது, கேட்டதையே கேட்பார்கள், சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று விளக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது முறை சொன்னேன். நாலாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. “எத்தனை தடவைடீ சொல்றது?” என்று கத்தினேன். நான் எதற்குக் கத்துகிறேன் என்று புரியாமல் அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஐந்தாவது முறை கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முதலிலிருந்து சொன்னேன். அதே அழுகை. ஆறாவது முறை, “அப்புறம் பேசலாம்” என்றேன். அதிலிருந்தே தோற்றுவிட்டதைப் புரிந்துகொண்டு, முன்னைவிட அதிகமாக அழுதாள்.

ஒரு ஆளிடம் ஒரு கெட்ட செய்தியை ஒருமுறை சொல்வதே கஷ்டம். நான் அவளை ஆறு தடவை தோற்கடித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது முதல் முறை.

“ஏட்டி, ஜெயிச்சிட்டேனா?”

ஏழாவது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எப்படியும் ஐந்து நிமிடத்தில் இதுவும் அழிந்துவிடப் போகிறது. ஒரு ஐந்து நிமிடமாவது இவள் அழாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. ஒளிப்பானேன், எனக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு வேண்டியிருந்தது.

“ஜெயிச்சுட்டேடீ” என்றேன்.

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கிவைத்திருந்த தோள் மெல்ல இறங்கியது. “கோல்டா?” என்றாள். “ஆமா” என்றேன். “அப்பாட்ட நான்தான் சொல்லுவேன். நீ சொல்லிராத, கேட்டியா” என்றாள். அப்படியே தூங்கிப் போனாள்.

எட்டாவது முறைக்காகக் காத்திருந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தயாராகக்கூட இருந்தேன். அவள் அசையவில்லை. ஆறு மணிக்கு நர்ஸ் வந்து பார்வையாளர்களை எல்லாம் வெளியே அனுப்பினாள். பேச்சியின் போனை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போய், அம்மா வைத்த ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

காலை

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். வார்டு வாசலில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். மாவு ஒட்டிய பனியனில்தான் அவரை எப்போதும் பார்த்திருக்கிறேன். அன்று வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். கையில் ஒரு அட்டைப் பெட்டி. என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“ஒங்களாலதாம்மா” என்றார். “காலைல அஞ்சு மணிக்குப் பிள்ள போன் பண்ணிச்சு. ‘எப்பா, ஜெயிச்சிட்டேன்’னு சொல்லி அழுவுது. மொதலாளி சந்தோசத்துல லட்டு குடுத்து விட்டிருக்காரு. நர்ஸம்மாமாருக்கெல்லாம் குடுத்துட்டேன். நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க.”

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் லட்டைக் கையில் வைத்தார். அதை வைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

பேச்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. பார்வை நேராக இருந்தது. “ஏட்டி, மெடல் எங்க? சார்ட்டயா இருக்கு?” என்றாள்.

சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முன்னாலும். உதை, எண்ணிக்கை, அவள் காற்றில் உதைத்தது, டவல், ஆறு தடவை அவள் கேட்டது, ஏழாவது தடவை நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம்.

சுடலைமுத்து பெட்டியின் மூடியை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். “டீ வாங்கிட்டு வாரேன்” என்று வெளியே போனார்.

பேச்சி அழுவாள் என்று காத்திருந்தேன். வலியசாலையும் கழக்கூட்டமும் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் புருவத்தைச் சுருக்கி எதையோ நினைவுபடுத்திப் பார்த்தாள்.

“நீ டவல் எறிஞ்சது எனக்கு ஓர்மையே இல்லட்டி” என்றாள். “அடி வாங்கினதும் இல்ல, அழுததும் இல்ல. நீ சொல்லுத, நான் நம்பிக்கிடுதேன். ஆனா ஜெயிச்சிட்டேன்னு நீ சொன்னது ஓர்மை இருக்கு. நேத்தைக்கு உள்ளதுல எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு.”